புது ரேடியோ கிட்டை எதை வைத்துச் சரிசெய்வது: காதா, கருவியா, இன்னொரு ரேடியோவா?

திருச்சி ஸ்டேஷனில் மட்டும் விசில். தூத்துக்குடி 1053 கிலோஹெர்ட்ஸில் சுத்தமாக வருகிறது, மதுரை 1269-ல் சுத்தமாக வருகிறது. முள்ளை 936-க்குக் கொண்டுபோனால் மட்டும் பேச்சுக்கு மேலே ஒரு கீச்சொலி ஏறி உட்கார்ந்துகொள்கிறது. டயலை மயிரிழை நகர்த்தினால் அதன் சுருதி மாறுகிறது. ஒரு பக்கம் நகர்த்தினால் தாழ்கிறது, மறுபக்கம் நகர்த்தினால் ஏறுகிறது.

அக்கா மகன் தானே பற்றவைத்து முடித்த ஏழு டிரான்சிஸ்டர் மீடியம் வேவ் கிட்டோடு தீபாவளி விடுமுறைக்கு விருதுநகர் வந்திருந்தான். போனில் இரண்டு கருவிகளின் படம் வைத்திருந்தான்: ஒன்று நினைத்த அலைவரிசையில் சிக்னல் தருவது, மற்றது காயில், ஃபில்டர்களின் போக்கைத் திரையில் வளைவாகக் காட்டுவது. "மாமா, இருக்கிற காசுக்கு ஒண்ணுதான் வாங்க முடியும். சிக்னல் ஜெனரேட்டர் வாங்கவா, நானோவிஎன்ஏ வாங்கவா?"

"இப்போதைக்கு ரெண்டும் வேண்டாம். பரண்ல தாத்தாவோட ரெண்டு பேண்ட் ரேடியோ இருக்கு, அதை இறக்கு" என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. அன்று ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன். முதல் கிட் செய்து முடித்த எல்லோரும் இதே கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள்.

கிட் பேசத் தொடங்கியதும் வேலை முடிந்ததென்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அப்போதுதான் பாதி முடிந்திருக்கிறது. ரேடியோவுக்குள் ஓடும் ஆஸிலேட்டர், வரும் ஸ்டேஷன் எதுவானாலும் ஒரே இடை அலைவரிசைக்கு (ஐஎஃப், வழக்கமாக 455 கிலோஹெர்ட்ஸ்) மாற்ற உதவுகிறது. அந்த அலைவரிசையைப் பிரித்தெடுக்கும் காயில்கள்தான் ஐஎஃப்டி. அவை மூன்றும் ஒரே அலைவரிசையில் உச்சத்தில் நிற்க வேண்டும். ஆஸிலேட்டர் டயலோடு ஒத்துப்போக வேண்டும். ஃபெரைட் தண்டில் இருக்கும் ஆண்டெனா காயில் பேண்டின் இரு முனையிலும் ஆஸிலேட்டரோடு சேர்ந்து நடக்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் இரண்டு பென்சில் செல்லில் ஓடும் கிட்டிலேயே பகலில் பக்கத்து மாவட்டத்து ஸ்டேஷன்கள் தெளிவாகக் கேட்கும். சரியில்லை என்றால் உள்ளூர் ஸ்டேஷன் மட்டும் கேட்கும், மற்றதெல்லாம் இரைச்சல்.

எந்த வழியில் போனாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சிக்னல் இல்லாதபோது செட் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று மல்டிமீட்டரில் பாருங்கள். கிட்டோடு வரும் தாளில் எழுதியிருப்பதற்கு இரண்டு மடங்கு இழுத்தால் எங்கோ ஈயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது ஒரு டிரான்சிஸ்டர் தலைகீழாக நிற்கிறது. அடுத்து ஆஸிலேட்டர் ஓடுகிறதா என்பது. ஸ்டேஷனை ஐஎஃப்-ஆக மாற்றும் கன்வெர்ட்டர் டிரான்சிஸ்டரின் எமிட்டரில் மீட்டரை வைத்துக்கொண்டு, டயலோடு சுழலும் கேங் கண்டென்சரின் ஆஸிலேட்டர் பக்கத்தை ஒரு கம்பியால் ஷார்ட் செய்யுங்கள். வோல்டேஜ் சற்று அசைந்தால் ஓடிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். அசையவே இல்லையென்றால் காயில்களுக்குள் திருகும் ஃபெரைட் கோர்களைத் தொடாதீர்கள், பழுது வேறிடத்தில் இருக்கிறது. ஓடாத செட்டில் கோர்களைத் திருப்பித் திருப்பி, கடைசியில் பழுதும் போகாமல் அலைன்மெண்டும் கலைந்து நிற்கும் கிட்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

காது

நம்மூர் ரேடியோ மெக்கானிக்குகள் பல்லாண்டு காலம் இப்படித்தான் வேலை செய்தார்கள். ஒரு ஸ்டேஷனைப் பிடிப்பார்கள். கறுப்பு ஐஎஃப்டி, வெள்ளை, மஞ்சள் என்று பின்னாலிருந்து முன்னால் ஒவ்வொன்றாகத் திருப்பி, சத்தம் கூடும் இடத்தில் நிறுத்துவார்கள். சிவப்புக் கோர் ஆஸிலேட்டர் காயில். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வார்கள். செலவு ஒன்றுமில்லை. கை பழகியவர்களுக்குப் பத்து நிமிட வேலை.

பழகாதவர்களைக் காது ஏமாற்றும். அதற்குக் காரணம் ரேடியோவுக்குள்ளேயே இருக்கிறது. ஸ்டேஷன் பலமாக வந்தால், ஒலியைப் பிரித்தெடுக்கும் டிடெக்டர் டையோடில் கிடைக்கும் டிசி வோல்டேஜ் பின்னோக்கிப் போய் முதல் ஐஎஃப் டிரான்சிஸ்டரின் பெருக்கத்தைக் குறைக்கும். ஏஜிசி என்பது இதுதான். நீங்கள் கோரை உச்சத்தை நோக்கித் திருப்பத் திருப்ப சிக்னல் கூடும், அதே அளவுக்கு ஏஜிசி பெருக்கத்தைக் குறைத்துவிடும். ஸ்பீக்கரில் சத்தம் அப்படியே இருக்கும். அரைச் சுற்று திருப்பியும் எங்கே உச்சம் என்று தெரியாது. போதாக்குறைக்கு, ஒலியின் ஆற்றல் இரு மடங்கானாலும் நம் காதுக்கு அது கொஞ்சம் கூடியதாகத்தான் படும்.

இதற்கு ஒரு கைமருந்து உண்டு. ஃபெரைட் தண்டின் முனை ஸ்டேஷனை நேராகப் பார்க்கும்படி செட்டைத் திருப்பி வையுங்கள். அந்தத் திசையில் தண்டு மிகக் குறைவாகத்தான் பிடிக்கும். ஸ்டேஷன் இரைச்சலுக்குள் அமிழ்ந்து மெலிதாகக் கேட்கும், ஏஜிசியும் தூங்கிவிடும். இப்போது கோரைத் திருப்பினால் காதுக்கு நன்றாகப் புரியும். பலமான சிக்னலில் அலைன் செய்வது இன்னொரு வகையிலும் தவறு. ஏஜிசி வேலை செய்யும்போது டிரான்சிஸ்டரின் உள்கொள்ளளவு மாறி ஐஎஃப்டியின் டியூனிங்கையே சற்று நகர்த்திவிடும். பலமான ஸ்டேஷனில் கண்ட உச்சம் மெலிந்த ஸ்டேஷனுக்கு உச்சமாக இராது.

காதுக்கு இன்னொரு குறை: எண் தெரியாது. மூன்று ஐஎஃப்டியும் 448-ல் ஒன்றாக உச்சத்தில் நின்றாலும் 462-ல் நின்றாலும் காதுக்கு ஒன்றுதான். இது பெரிய குற்றமா? பெரும்பாலான கிட்களில் இல்லை என்பேன். 455 என்ற எண்ணைவிட மூன்றும் ஒத்துப்போவதுதான் முக்கியம். ஆனால் ஒரே அலைவரிசையை மட்டும் விடும் செராமிக் ஃபில்டர் கிட்டில் இருந்தால் கதை வேறு. அந்த ஃபில்டர் தன் அலைவரிசையை மாற்றிக்கொள்ளாது, ஐஎஃப்டிகள்தான் அதற்கு இணங்கி வர வேண்டும். ஃபில்டரே அளவுகோலாக நிற்பதால் அத்தகைய கிட்களில் காதே போதும்.

எண் தெரியாமல் போனது பெரிய குற்றமாக ஆன இடமும் உண்டு. அக்கா மகனின் கிட் அப்படிப்பட்டது. அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

காதோடு ஒரு மல்டிமீட்டர்

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டரை முதல் ஐஎஃப் டிரான்சிஸ்டரின் எமிட்டர் ரெசிஸ்டருக்குக் குறுக்கே பிடித்துவிடுங்கள். காது சொல்லாததை இது சொல்லும். ஸ்டேஷன் இல்லாத இடத்தில் அக்கா மகனின் கிட் 0.28 வோல்ட் காட்டியது. தூத்துக்குடியில் 0.11-க்கு இறங்கியது. சிக்னல் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு ஏஜிசி அந்த டிரான்சிஸ்டரின் கரண்டைக் குறைக்கும், எமிட்டர் வோல்டேஜ் இறங்கும். ஆகவே கோரைத் திருப்பி மிகக் குறைந்த எண்ணைத் தேடினால் போதும். வால்யூமைக் குறைத்துவிட்டு, பேச்சு வந்தாலும் பாட்டு வந்தாலும் வேலை பார்க்கலாம். அந்த எமிட்டரில் பெரும்பாலும் ஒரு பைபாஸ் கண்டென்சர் நிற்கும், அதனால் மீட்டரின் கம்பி அலைவரிசையைக் கெடுக்காது. கலெக்டரிலோ காயிலிலோ மீட்டரை வைத்தால் கெடுக்கும்.

காது உச்சம் என்று நிறுத்திய இடத்திலிருந்து மீட்டர் என்னைக் கால் சுற்றுக்கு மேல் நகர்த்தியது. மூன்று கோரிலும் இப்படி நகர்ந்தபின் 0.14-ல் நின்ற ஸ்டேஷன் 0.11 ஆனது. இதற்கு ஒரு பைசா செலவில்லை. ஒப்பீட்டில் முதல் இரண்டு வழிகளுக்கு நடுவே இனி விவாதமே இல்லை. மீட்டர் இருக்கும்போது காதை மட்டும் நம்ப வேண்டாம்.

கோரைத் திருப்ப இரும்புத் திருப்புளியை எடுக்காதீர்கள். உலோகம் பக்கத்தில் வந்தாலே டியூனிங் நகரும், எடுத்ததும் பழைய இடத்துக்குப் போகும். அதைவிட மோசம், ஃபெரைட் கோர் கடுகு உடைவதுபோல் உடையும். அக்கா மகன் கறுப்பு ஐஎஃப்டியை அப்படித்தான் உடைத்து, வேறு ஒன்று வாங்கிப் போட்டிருந்தான். மூங்கில் குச்சி ஒன்றைத் தட்டையாகச் சீவிக்கொண்டால் போதும். கோரின் பிளவில் அது முழுவதும் பொருந்த வேண்டும். இல்லையென்றால் பிளவின் ஓரம் சிதையும்.

பரணிலிருந்து இறங்கிய ரேடியோ

எல்லோரும் விட்டுவிடும் வழி இது. என் மனதுக்கு மிக நெருக்கமானதும் இதுதான்.

இப்படி ஐஎஃப்-க்கு மாற்றிக் கேட்கும் ரேடியோவுக்குச் சூப்பர்ஹெட் என்று பெயர். அது ஒவ்வொன்றும் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர். பிடிக்கும் ஸ்டேஷனைவிட 455 கிலோஹெர்ட்ஸ் மேலே அதன் ஆஸிலேட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் ஒரு சொட்டு வெளியே கசிகிறது. ஒரு சாணுக்குள் இன்னொரு ரேடியோவை வைத்தால் அந்தக் கசிவு கேட்கும். ஸ்டேஷன் இல்லாத இடத்தில் இரைச்சல் சட்டென்று அடங்கி ஒரு மௌனம் வரும். அதுதான் பக்கத்து ரேடியோவின் ஆஸிலேட்டர். ஸ்டேஷன் இருக்கும் இடத்தில் விழுந்தால் விசிலாகக் கேட்கும். விசிலின் சுருதி இறங்கி இறங்கி மறையும் புள்ளியில் ஆஸிலேட்டரும் ஸ்டேஷனும் ஒரே அலைவரிசை.

இதை வைத்துக் கணக்குப் போடுங்கள். பேண்டின் கீழ்முனையை 600-க்குப் பக்கத்தில் சரிசெய்ய வேண்டும் என்பது வழக்கம். பழைய ரேடியோவைத் தூத்துக்குடி 1053-ல் வையுங்கள். கிட்டின் டயலைக் கீழ்முனைப் பக்கம் நகர்த்தினால் ஓரிடத்தில் பழைய ரேடியோவில் விசில் வரும். விசில் மறையும் புள்ளியில் கிட்டின் ஆஸிலேட்டர் 1053, ஆக கிட் நிற்பது 598. டயலில் முள் 600-க்குச் சற்று முன்னால் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் சிவப்புக் கோரைத் திருப்புங்கள்.

மேல்முனையை 1400-க்குப் பக்கத்தில் சரிசெய்ய வேண்டும். இப்போது பாத்திரங்கள் இடம் மாறும். பழைய ரேடியோவைத் திருச்சி 936-ல் வையுங்கள். அதன் ஆஸிலேட்டர் 936-உம் 455-உம் சேர்ந்து 1391-ல் ஓடும். உங்களுக்கு 1391-ல் ஒரு சிக்னல் கிடைத்துவிட்டது. அதில் பேச்சோ பாட்டோ இல்லை, வெறும் கேரியர். காதுக்கு மௌனமாகத்தான் படும். எமிட்டரில் இருக்கும் மீட்டர் மட்டும் அதைப் பார்த்துச் சட்டென்று இறங்கும். முள்ளை 1390-ல் வைத்து, கேங்கில் இருக்கும் சின்னத் திருகு கண்டென்சரான ஆஸிலேட்டர் டிரிம்மரைத் திருப்பி அந்த இறக்கத்தைப் பிடியுங்கள். பிறகு ஆண்டெனா டிரிம்மரைத் திருப்பி இன்னும் இறக்குங்கள். ரேடியோவைச் சற்றுத் தள்ளி வைத்தால் சிக்னல் மெலியும். விலை கொடுத்து வாங்கும் ஜெனரேட்டரில் ஒரு குமிழ் செய்யும் வேலையை இங்கே தூரம் செய்கிறது.

கீழே காயில், மேலே டிரிம்மர் என்று ஏன் பிரிக்கிறோம்? கீழ்முனையில் கேங் ஏறக்குறைய முழுக்க மூடியிருக்கும், அதன் கொள்ளளவு மிக அதிகம். அதில் டிரிம்மரின் ஐந்தாறு பிகோஃபாரட் கடலில் கரைத்த பெருங்காயம். மேல்முனையில் கேங் திறந்து கொள்ளளவு மிகக் குறைந்துவிடும், அங்கே டிரிம்மரின் ஒவ்வொரு பிகோஃபாரடும் பேசும். ஒரு முனையைச் சரிசெய்தால் மறுமுனை கொஞ்சம் இழுபடும், ஆகவே மூன்று முறையாவது மாறி மாறிச் செய்ய வேண்டும். மூன்றாம் முறையில் கை அசைவு மிகச் சிறிதாகிவிடும்.

கீழ்முனையில் ஆண்டெனா காயிலைத் தண்டின்மேல் நகர்த்தி உச்சம் பார்க்க ஒரு ஸ்டேஷன் தேவை. எங்கள் ஊரில் மாலை மங்கியதும் பெங்களூரு 612 எழுந்துவரும். இரவில் சிக்னல் ஏறி இறங்கும், அதனால் அவசரப்படாமல் ஒவ்வோர் அசைவுக்கும் அரை நிமிடம் காத்திருந்து பாருங்கள். காயிலை எந்தப் பக்கம் நகர்த்துவது என்ற குழப்பத்துக்கு ஒரு பேனாக் குழாய் பதில் சொல்லும். குழாயின் ஒரு முனையில் உடைந்த ஃபெரைட் துண்டு, மறுமுனையில் ஒரு பித்தளைத் துண்டு. ஃபெரைட் முனையைக் காயிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோகும்போது ஸ்டேஷன் கூடினால் காயிலுக்கு இன்டக்டன்ஸ் போதவில்லை, தண்டின் நடுவை நோக்கித் தள்ளுங்கள். பித்தளை முனைக்குக் கூடினால் ஓரத்துக்குத் தள்ளுங்கள். இரண்டுக்குமே குறைந்தால் காயில் சரியான இடத்தில் நிற்கிறது. மெழுகுவத்தியைச் சாய்த்து இரண்டு சொட்டு விட்டுவிடுங்கள்.

எண் காட்டும் டிஜிட்டல் ரேடியோவும் கையில் இருந்தால் இந்த வழி இன்னும் கூர்மையாகும். 1 கிலோஹெர்ட்ஸ் படியில் நகரக்கூடிய செட் என்றால், பக்கத்து ரேடியோவின் ஆஸிலேட்டர் எங்கே ஓடுகிறது என்று ஒன்றிரண்டு கிலோஹெர்ட்ஸ் பிசகுக்குள் அது படித்துச் சொல்லிவிடும். ஃப்ரீக்வென்சி கவுண்டர் தேவையில்லை.

இந்த வழிக்குக் குறை இல்லையா? உண்டு. ஸ்டேஷன் இருந்தால்தான் இது ஓடும். நாடெங்கும் மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்கள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டு வருகின்றன. உங்கள் ஊரில் இன்றைக்கு எது ஒலிக்கிறதோ அதை வைத்து 455-ஐக் கூட்டியும் கழித்தும் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். நம்மூர் ஸ்டேஷன்கள் எல்லாம் 9-ன் மடங்கில் இருப்பதால் பட்டியல் போடுவது எளிது. எல்இடி பல்பும் மொபைல் சார்ஜரும் ஓடும் வீட்டில் பாதி பேண்ட் இரைச்சலில் மூழ்கியிருக்கும். வேலை செய்யும் அரைமணி நேரம் அவற்றை அணைத்துவிடுங்கள்.

சிக்னல் ஜெனரேட்டர்

ஸ்டேஷனை எதிர்பார்க்காமல், நினைத்த நேரத்தில், நினைத்த அலைவரிசையில், நினைத்த அளவு சிக்னல். இது உண்மையான வசதி. மாதம் ஒரு கிட் செய்பவருக்கும் மற்றவர்களின் செட்டைப் பழுது பார்ப்பவருக்கும் இது வேண்டும். டோன் ஏற்றிய சிக்னல் என்றால் காதுக்கும் ஒரே சீரான ஒலி கிடைக்கும்.

பழைய காலத்து டயல் ஜெனரேட்டர் சென்னை ரிச்சி தெருவிலோ பழைய பொருள் கடையிலோ கிடைத்தால் டயலை அப்படியே நம்பாதீர்கள். நூற்றுக்கு ஒன்று பிசகினாலும் 455-ல் அது நாலரை கிலோஹெர்ட்ஸ். சரிபார்க்க ஒரு வழி: ஜெனரேட்டரை 455-ல் வைத்துவிட்டு டிஜிட்டல் ரேடியோவில் 910-ஐக் கேளுங்கள். அதன் இரண்டாம் ஹார்மோனிக், அதாவது இரண்டு மடங்கு அலைவரிசை, அங்கே விழ வேண்டும். அதாவது ஜெனரேட்டரைச் சரிபார்க்கவும் இன்னொரு ரேடியோ தேவைப்படுகிறது.

எஸ்ஐ 5351 என்ற சிப்பை வைத்த சின்னப் பலகை மிக மலிவு, அலைவரிசையும் பிசகாது. ஆனால் அது கொடுப்பது சதுர அலை. 455-ல் வைத்தால் மூன்றாம் ஹார்மோனிக் 1365-ல் வந்து மீடியம் வேவுக்குள்ளேயே விழும். வெளியீடும் பலம், நேராகக் கொடுத்தால் ஏஜிசி திணறிப்போகும். இரண்டு சுற்றுக் கம்பி வளையம் ஒன்று செய்து தண்டிலிருந்து ஓரடி தள்ளி வைத்தால் போதும், கம்பியால் கிட்டைத் தொடவே வேண்டாம். ஐஎஃப்-ஐச் சரிசெய்யும்போது கேங்கின் ஆஸிலேட்டர் பக்கத்தை ஷார்ட் செய்து ஆஸிலேட்டரை நிறுத்திவிட மறக்காதீர்கள். இல்லையென்றால் இரண்டும் சேர்ந்து பொய் உச்சங்களைக் காட்டும்.

திரை உள்ள கருவிகள்

நானோவிஎன்ஏ அருமையான கருவி. சில ஆயிரம் ரூபாய்க்கு இப்படி ஒன்று கைக்குள் அடங்குமென்று இருபது ஆண்டுகளுக்கு முன் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள். ஆனால் அது 50 ஓம் உலகத்துக்காகச் செய்யப்பட்டது. ஐஎஃப்டி அந்த உலகத்தைச் சேர்ந்ததில்லை. நேராக இணைத்தால் காயிலின் கூர்மை முழுதும் செத்து, திரையில் ஒரு மொட்டைக் குன்றுதான் தெரியும். பெரிய ரெசிஸ்டர்களை இடையில் போட்டு, தளர்வாக இணைத்து, வரும் வளைவைப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் அது பயன்படும். ஆசிலாஸ்கோப்பும் அப்படியே. பத்து மடங்கு புரோபின் முனையிலேயே பத்துப் பதினைந்து பிகோஃபாரட் உண்டு. கேங் திறந்திருக்கும்போது ஆண்டெனா காயிலில் அதை வைத்தால், பார்க்கும் செயலே டியூனிங்கை மாற்றிவிடும்.

திரை உள்ள கருவிதான் வேண்டும், இன்னும் பல கிட் செய்யப்போகிறேன் என்பவருக்கு நான் டைனிஎஸ்ஏ என்ற கையடக்க ஸ்பெக்ட்ரம் அனலைசரைச் சொல்வேன். 100 கிலோஹெர்ட்ஸிலிருந்து 350 மெகாஹெர்ட்ஸ் வரை அதுவே ஏஎம் ஏற்றிய சிக்னலையும் கொடுக்கும், திருப்பிப் போட்டால் ஆஸிலேட்டர் எங்கே ஓடுகிறது என்றும் காட்டும். ஜெனரேட்டர், கவுண்டர் இரண்டின் வேலையும் ஒன்றில் முடிகிறது. ரேடியோவைச் சரிசெய்வதற்கு அளக்கும் திரையைவிடச் சிக்னல் தரும் கருவிதான் முதலில் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நானோவிஎன்ஏ தன் முழு பலத்தைக் காட்டும் இடம் வேறு. ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் போன்ற ஹாம் (அமெச்சூர் ரேடியோ) கிட்டில் கிரிஸ்டல் ஃபில்டரும் பேண்ட்பாஸ் ஃபில்டரும் இருக்கும். டொராய்டு என்ற வளையக் கோரில் நீங்களே சுற்றிய காயில்கள் 7 மெகாஹெர்ட்ஸில் சரியாக நிற்கின்றனவா, கிரிஸ்டல் ஃபில்டரின் வளைவு மேடு பள்ளமில்லாமல் இருக்கிறதா என்பதைக் காதால் கண்டுபிடிக்க நாள் கணக்கில் ஆகும். கருவி ஒரு நிமிடத்தில் காட்டும். அந்தப் பாதையில் போகிறவர் தயங்காமல் வாங்கலாம். டியூனிங்கை எண் கணக்கிலேயே செய்துவிடும் டிஎஸ்பி சிப் வைத்த கிட் செய்கிறவருக்கு இந்தக் கேள்வியே எழாது. அதில் திருப்ப ஒரு கோர்கூட இல்லை.

936-ல் இருந்த விசில்

அக்கா மகனின் கிட்டுக்கு வருவோம். இரண்டு ஸ்டேஷன்கள் ஒன்றோடொன்று மோதி வரும் விசிலென்றால் டயலை நகர்த்தினாலும் சுருதி மாறாது, ஸ்டேஷன்களின் இடைவெளி மாறாததால். இது மாறியது. ஆக விசில் ரேடியோவுக்குள் பிறக்கிறது. டிடெக்டரில் ஐஎஃப்-ன் இரண்டாம் ஹார்மோனிக் உருவாகி, தண்டுக்குத் திரும்பிப் போய், வரும் ஸ்டேஷனோடு மோதினால் இப்படி வரும். 455-ன் இரண்டு மடங்கு 910. திருச்சி அதிலிருந்து 26 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருக்கிறது, அவ்வளவு உயர்ந்த ஒலி காதுக்கு எட்டாது. அப்படியானால் இந்தக் கிட்டின் ஐஎஃப் 455 இல்லை.

கிட்டில் தூத்துக்குடியைப் பிடித்தோம். டிஜிட்டல் ரேடியோவைப் பக்கத்தில் வைத்து மௌனம் எங்கே வருகிறது என்று அவன் ஒவ்வொரு எண்ணாக ஏற்றிக்கொண்டே போனான். 1508-ல் வர வேண்டும். அங்கே இரைச்சல்தான். 1512, 1515. 1518-ல் அடங்கியது. 1518-லிருந்து 1053-ஐக் கழித்தால் 465. சீனாவில் ஏஎம் ரேடியோக்களுக்கு 465-தான் வழக்கமான ஐஎஃப். கிட் அங்கிருந்து வந்தது, ஐஎஃப்டிகளும் அதற்கே டியூன் செய்யப்பட்டு வந்திருந்தன. அதன் இரண்டு மடங்கு 930. திருச்சிக்கும் அதற்கும் 6 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. அந்த 6 கிலோஹெர்ட்ஸ்தான் காதைக் குத்திய கீச்சொலி.

சரிசெய்யப் புதிதாக எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. டிஜிட்டல் ரேடியோவை 1508-ல் நிறுத்தினோம். கிட்டின் டயலை நகர்த்தி, அந்த மௌனம் 1508-ல் விழும்படி வைத்தோம். இப்போது ஆஸிலேட்டர் 1508, தூத்துக்குடி 1053, இரண்டுக்கும் இடையே 455. கிட்டுக்குள் 455-ல் ஒரு சிக்னல் தயாராக நிற்கிறது. ஐஎஃப்டிகள் 465-ல் இருப்பதால் ஸ்டேஷன் மிக மெலிதாகக் கேட்டது, மீட்டர் 0.25-ல் நின்றது. அவன் மூங்கில் குச்சியை எடுத்து கறுப்புக் கோரை உள்ளே திருகினான். 0.22. வெள்ளையைத் திருகினான். 0.17. மஞ்சளைத் தொட்டதும் தூத்துக்குடி அறை நிறைய எழுந்து வந்தது. மறுபடி ஒரு சுற்று மூன்றையும் தொட்டு 0.11-ல் முடித்தான்.

"மாமா, ஜெனரேட்டர் செய்ற வேலையைத் தூத்துக்குடி செஞ்சிடுச்சு!"

ஐஎஃப் நகர்ந்ததால் டயலும் நகர்ந்திருந்தது. தாத்தாவின் ரேடியோவை வைத்துக் கீழே 598, மேலே 1391 என்று மூன்று முறை மாறி மாறிச் சரிசெய்தோம். பெங்களூருக்காக இருட்டும்வரை காத்திருந்து காயிலை நகர்த்தி மெழுகு விட்டான். மறுநாள் காலை முள்ளை 936-க்குக் கொண்டுபோனான். செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். விசில் இல்லை. டயலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக நகர்த்திப் பார்த்துவிட்டு, பின்மூடியின் திருகுகளை ஒவ்வொன்றாகப் போடத் தொடங்கினான்.